சூளை மேல் காய வைத்த மனு

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னைப் பெற்ற அம்மாவை நான் ஒருமுறை அழித்திருக்கிறேன். தடமே தெரியாமல், நாலே தேய்ப்பில். அழித்து முடித்துவிட்டு "எப்பூடி?" என்று பெருமையாகக் கேட்கவும் செய்தேன்.

பதற வேண்டாம். அம்மா நன்றாக இருக்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன எழுதுற? சூடு தாங்குமா அது?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். எங்கள் வீட்டில் பால் கணக்கை எழுதினாலும் பரீட்சைக்குக் குறிப்பு எழுதினாலும் இந்தக் கேள்வி உண்டு. பதில் சொல்ல வேண்டியதில்லை. தலையைக் குனிந்துகொண்டால் போதும்.

எனக்குப் பேனாப் பைத்தியம். மற்ற பெண்கள் வளையலுக்கும் தோட்டுக்கும் கடை கடையாக ஏறும் வயதில், நான் விருத்தாசலம் கடைவீதியில் ஒவ்வொரு ஸ்டேஷனரிக் கடையாக ஏறி, அங்கிருக்கும் துண்டுக் காகிதத்தில் வளைவு வளைவாகக் கிறுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் இறங்குவேன். (கடைக்காரர்கள் என்னைப் பார்த்ததும் துண்டுக் காகிதத்தை எடுத்து ஒளித்து வைக்கத் தொடங்கினார்கள்.) நாட்குறிப்புக்கு மை பேனா. பரீட்சைக் குறிப்புக்கு மெல்லிய முனை ஜெல் பேனா. சாமான் பட்டியலுக்கு 2பி பென்சில், அதுவும் பாதி தேய்ந்து விரலுக்கு அடக்கமாக வந்த பிறகுதான். யாராவது இரவல் கேட்டால் கொடுப்பதற்கென்று விட்டு விட்டு எழுதும் பால் பாயிண்ட் ஒன்று. நிச்சயமாகத் திரும்பி வரும்.

அம்மாவுக்கு இதெல்லாம் கிடையாது. நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த நீலப் பேனா ஒன்று, மூடி தொலைந்து, முனையில் மை கட்டிக்கொண்டு, காலண்டர் ஆணியில் தொங்கும். அதைப் பார்த்தாலே எனக்கு உடம்பு கூசும். "அதுவும் ஒரு பேனாவாம்மா?" என்பேன். "எழுதுதுல்ல?" என்பாள்.

வேதியியல் படித்துவிட்டு அரசுத் தேர்வுகளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அதாவது, வேலையில்லாமல் இருந்தேன். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். "தேனு எழுதுனா அச்சடிச்ச மாதிரி இருக்குது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு வேண்டாம். தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய்க்கும் அப்படித்தான் ஏதோ ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். சார்ஜாவில் இருக்கும் அவர் மகன் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியிலிருந்து எனக்கென்று ஒரு பேனா வந்தது.

அழியும் பேனா. கரு நீல மை. பின்பக்கம் சின்ன ரப்பர். அந்த ரப்பரால் தேய்த்தால் உராய்கிற சூட்டில் மை நிறமிழந்து போகும். காகிதம் கிழியாது, தூள் உதிராது, எழுதியதாகவே தெரியாது. கூடவே ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது: வெயிலில் வைக்காதே, தவறிச் சூடுபட்டு மறைந்தால் குளிரில் வைத்தால் திரும்பி வரும், முக்கியமான பத்திரங்களுக்குப் பயன்படுத்தாதே. மூன்றையும் படித்தேன். முதல் இரண்டும் சுவாரஸ்யமாக இருந்தன.

அந்த வாரம்தான் மாமா வந்தார்.

மாமா அம்மாவுக்கு அண்ணன். கம்மாபுரம் பக்கம் தாத்தா விட்டுப்போன நிலம், அவர் சாகுபடியில் இருந்தது. சுரங்கத்துக்கு எடுக்கிறார்கள், பட்டியலில் நம் நிலமும் வந்துவிட்டது, பதிலுக்கு வேறு இடத்தில் மனை தருவார்கள், யார் யார் வாரிசு, யார் யாருக்கு மனையில் உரிமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நாளைக் காலையில் கொடுக்க வேண்டும் என்றார். வாரிசு இரண்டே பேர். மாமாவும் அம்மாவும்.

எழுதப்போவது நான். எதில் எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பிழை வந்தால் அடித்துத் திருத்த வேண்டியதில்லை, மனு பளிச்சென்று இருக்கும், அதிகாரியே எடுத்துப் பார்த்து அசந்து போவார். (அதிகாரி அசந்து போவது மனையை விட முக்கியமாகத் தெரிந்த வயது.) மாமாவுக்கு எழுதி, அழித்து, ஒரு சின்ன வித்தையும் காட்டினேன். அவர் காகிதத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அம்மா ஈரக் கையோடு வந்து கதவோரம் நின்றாள். எழுதியதைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். ஒன்று, மாமா பெயர், மகன், சம பங்கு. இரண்டு, செல்வராணி, மகள், சம பங்கு.

"ரெண்டாவத இன்னொரு தபா படி."

படித்தேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய நகைக்கடைப் பேனாவை எடுத்து, நாக்கைக் கடித்தபடி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். நான் என் பேனாவை நீட்டியும் வாங்கவில்லை. மாமாவும் அதே பேனாவை வாங்கிப் போட்டார். என் அழகான மனுவின் கீழே அந்த மை கட்டிய இரண்டு கையெழுத்துகள். எனக்குக் கண் எரிந்தது.

அம்மா ரேஷன் கடைக்குப் போனாள். வாசல் வரை அவளோடு போய்த் திரும்பிய மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாப்பா, ரெண்டாவது வரிய கொஞ்சம் மாத்தணும். ஒங்கம்மாகிட்ட வாசல்லயே பேசிட்டேன். ஆபீசு ஆபீசா அவளால அலைய முடியுமா, சொல்லு. மொத்தமும் எம் பேர்ல வரட்டும். அப்புறமா அவளுக்கு நான் எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

இந்த இடத்தில் படித்த பெண் யாராக இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டிருப்பாள். நானும் கேட்டேன்.

"நானே அழிச்சுக் காட்டட்டுமா மாமா?"

செல்வராணி போனாள். மகள் போனது. சம பங்கு போனது. நாலு தேய்ப்பு. அந்த இடத்தில் மாமா சொல்லச் சொல்ல, 'எனக்கு இதில் பங்கு வேண்டாம் என்பதை மனப்பூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதினேன். வரிக்குள் அடங்க வேண்டுமே என்று எழுத்தைக் கொஞ்சம் ஒடுக்கி எழுதினேன். சரியாக அடங்கியது. அதில் எனக்கு ஏற்பட்ட திருப்தியை இப்போது நினைத்தாலும் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. கீழே அம்மாவின் கையெழுத்து ஏற்கெனவே தயாராக இருந்தது.

"தடமே தெரியலயே பாப்பா" என்றார் மாமா. நான் வெட்கப்பட்டேன். பாராட்டுக்கு.

அம்மா சம்மதித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன் என்று இத்தனை நாளும் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். உண்மை அதைவிடக் கேவலம். அம்மா சம்மதித்தாளா என்று நான் நினைக்கவே இல்லை. ரப்பர் எவ்வளவு சுத்தமாக அழிக்கிறது என்றுதான் நினைத்தேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு அப்பா வேண்டும் என்றார் மாமா. "மாப்ளயும் போட்டுட்டா பின்னால பேச்சு வராது." காகிதத்தை ஒரு கவருக்குள் வைத்து, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அப்பா வேலை செய்யும் செராமிக் யூனிட்டுக்குக் கிளம்பினேன்.

அப்பாவுக்குச் சூளை வேலை. பீங்கான் ஃபியூஸ் கட்டைகளையும் பொம்மைகளையும் அடுக்குவது, சுடுவது, இறக்குவது. என் பேனாக்கள் மீது அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. சுடாத மண்ணில் எந்தப் பேனாவால் எழுதினாலும், பென்சிலால் எழுதினாலும், சூளைக்குள் போய் வந்தால் காணாமல் போய்விடும். "எங்க வேலையில சூடு பட்டப்புறமும் இருக்கறதுதான் எழுத்து" என்பார். பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் பலமுறை, "அது வேற அறிவியல்ப்பா" என்றிருக்கிறேன்.

பாதி வழியில் மழை பிடித்தது. கவரின் வாய்ப்பக்கம் தண்ணீர் இறங்கி, காகிதம் ஊறப்போட்ட அப்பளம் போல ஆகிவிட்டது. எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. (அதையும் அப்பாவிடம் பெருமையாகச் சுட்டிக்காட்டினேன்.) வெள்ளை மண் அப்பிய கையை லுங்கியில் துடைத்துவிட்டு, அவர் பேனாவை வாங்கினார்.

"படிச்சுப் பாருங்கப்பா."

"நீ எழுதுனதுதான? அத வேற படிக்கணுமா?"

பேனா முனை பட்டதும் ஓரத்தில் லேசாகக் கிழிந்தது. ஈரக் காகிதத்தில் எழுத முடியாது, காயட்டும் என்றார். அந்த யூனிட்டில் எது நனைந்தாலும் போகும் இடம் ஒன்றுதான். முதல் நாள் அணைத்த சூளையின் மேல்தளம். சட்டை, துண்டு, தீப்பெட்டி, பீடிக்கட்டு, மழைக்காலத்தில் செருப்புகூட அங்கேதான் காயும். அப்பா என் மனுவை இரண்டு துண்டுகளுக்கு நடுவில் இடம் பார்த்துப் பரப்பி, பறக்காமலிருக்க நாலு மூலையிலும் நாலு ஃபியூஸ் கட்டை வைத்தார். நாங்கள் டீ குடிக்கப் போனோம்.

சூட்டில் அந்த மை அழியும் என்பது எனக்குத் தெரியும். சூளை சூடாக இருக்கும் என்பதும் தெரியும். இரண்டும் தெரியும். தனித்தனியாகத் தெரியும்.

திரும்பி வந்தபோது காகிதம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. வெள்ளை வெளேரென்று. மேலே ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லை. அடியில் மட்டும் நகைக்கடைப் பேனாவில் போட்ட இரண்டு கையெழுத்துகள், கல் மாதிரி நின்றன.

அப்பா காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன தேனு, வெறும் கையெழுத்து மட்டும் இருக்குது?"

நான் விளக்கினேன். அறிவியலோடு விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "மொதல்ல வூட்டுக்குப் போ" என்றார்.

வீட்டில் மாமா காகிதத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நிலம் வைத்திருப்பவருக்கு உலகத்திலேயே பெரிய பயம், தன் கையெழுத்து இருக்கும் வெற்றுக் காகிதம் இன்னொருவர் கையில் இருப்பது. அதுவும் மச்சினன் முறைக்காரர் வேலை செய்யும் இடத்திலிருந்து வருவது.

"எழுத்தெல்லாம் எங்க? மாப்ள என் கையெழுத்த மட்டும் வாங்கி வெச்சுக்கிட்டாரா?"

ரேஷன் பையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த அம்மா, "அவரப் பத்திப் பேசாதண்ணே" என்றாள். குரல் உயரவில்லை. ஆனாலும் பை டொம்மென்று விழுந்தது.

சண்டை ஆரம்பிக்கிற அந்த நொடியில்தான் எனக்கு அந்தத் துண்டுச் சீட்டு நினைவுக்கு வந்தது. குளிரில் வைத்தால் திரும்பி வரும். நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் விடை தெரிந்த ஒரே மாணவி மாதிரி.

எங்கள் வீட்டில் அப்போது ஃப்ரிட்ஜ் கிடையாது. பாய் கடையில் ஐஸ்கிரீம் பெட்டி இருந்தது. அங்கே போகலாம் என்றேன். மாமாவுக்கு அந்த யோசனை ஏனோ பிடிக்கவில்லை. வேண்டாம் பாப்பா, புதுசா எழுதிக்கலாம் என்றார். இல்ல மாமா, பாருங்களேன் என்றேன். அப்படியென்றால் காகிதத்தைக் கொடு, நானே தனியாகப் போய் வைத்து எடுத்து வருகிறேன் என்றார். நான் விடுவேனா? இப்படி ஒரு சோதனையை அம்மா பார்க்க வேண்டாமா? அவள் ரேஷன் அரிசி சுமந்து படிக்க வைத்த வேதியியல் அல்லவா? அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மாமா பின்னாலேயே வந்தார், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு.

பாய் கடையின் ஐஸ்கிரீம் பெட்டிக்கு மேலே கண்ணாடி மூடி. காகிதத்தைக் கவருக்குள் போட்டு, எழுத்துப் பக்கம் மேலே தெரிய, கப் ஐஸ் அடுக்கின் மேல் படுக்க வைத்தோம். நான்கு தலைகள் குனிந்தன. பாய்க்குத் தன் மகன் கொண்டுவந்த பேனா என்பதால் தனி அக்கறை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கண்ணாடியில் மூச்சுப் பட்டு மங்கியது. பாய் துடைத்தார். பிறகு ஒரு ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் என் எழுத்துகள் ஊறி வந்தன. பெறுநர் வந்தது. பொருள் வந்தது. தாத்தா வந்தார். மாமா வந்தார். நான் கைதட்டினேன். (ஆமாம், தட்டினேன்.)

இரண்டாவது வரி வந்தது. தேவைக்கு மேலேயே வந்தது.

சூட்டில் போனதெல்லாம் குளிரில் திரும்பும் என்றால், ரப்பரின் சூட்டில் போனதும்தானே திரும்பும்? மூன்று வருடம் வேதியியல் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரே வரியில், ஒன்றின் மேல் ஒன்றாக, நான் எழுதியதும் நான் அழித்ததும் நான் மறுபடி எழுதியதும் எல்லாம் எழுந்து நின்றன.

பாய் மூடியைத் திறந்து காகிதத்தை எடுத்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு, எழுத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சத்தமாகப் படித்தார்.

"செல்வராணி... எனக்கு... மகள்... பங்கு வேண்டாம்... சம பங்கு... மனப்பூர்வமா..." நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "என்னம்மா இது, வேணுங்கிறீங்களா, வேணாங்கிறீங்களா?"

அம்மா காகிதத்தை வாங்கினாள். அவளுக்குப் படிக்க நேரமாகும். அன்றைக்கு இன்னும் அதிக நேரமானது. அதற்குள் காகிதம் அவள் கையிலேயே வியர்க்கத் தொடங்கிவிட்டது.

"வாசல்ல ஒங்கிட்டப் பேசிட்டேன்னு மாமா சொன்னாரும்மா" என்றேன்.

"காத்து வாங்கிட்டு வாரேன்னுதான் வாசல்ல சொன்னாரு." அம்மா மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "இது யாரு எழுதுனது?"

"நான்தான்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

மாமா பேசினார். நல்லதுக்குத்தான் செய்தேன் என்றார். பொம்பளப் புள்ள அலைய வேண்டாமேன்னு என்றார். அப்பா அம்மா போன பிறகு உனக்கு எல்லாம் செய்தது யார் என்றார். அம்மா பாயிடம் ஒரு முழு வெள்ளைத்தாள் கேட்டாள். கல்லாவில் நூல் கட்டித் தொங்கும் பால் பாயிண்ட் பேனாவை இழுத்துக்கொண்டாள். நூல் நீளம் போதவில்லை. கல்லா மேலேயே குனிந்து எழுதினாள். நான் எழுதட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, எடுத்ததோடு சரி.

அவள் எழுத்து மேலும் கீழும் ஏறி இறங்கியது. எழுதியது இரண்டே பெயர்கள். அடியில் கையெழுத்துப் போட்டு, தாளை மாமா பக்கம் திருப்பி வைத்தாள்.

"எழுதிட்டேண்ணே. போடுங்க."

மாமா வண்டிச் சாவியைத் தேடினார். பெண்ணாடம் வரைக்கும் ஒரு வேலை இருக்குது, போயிட்டு வரேன் என்றார். அது அவர் எங்களிடம் சொன்ன கடைசி 'வரேன்'. வரவில்லை.

அம்மா மறுநாள் அந்தத் தாளைத் தன் ஒரு கையெழுத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். கூட நான் வரவா என்றதற்கு, "வேணாம், எழுத வேண்டியது எதுவும் இல்ல" என்றாள். அது இன்னும் விசாரணையில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை போய் நின்றுவிட்டு வருகிறாள். தன்னால் அலைய முடியும் என்று ஒவ்வொரு மாதமும் நிரூபித்துக்கொண்டிருக்கிறாள்.

மாமா மகள் கல்யாணப் பத்திரிகை கூரியரில் வந்தது. அழைப்பவர்கள் பட்டியலில் எல்லா அத்தைகளும், பெரியம்மா முறையில் யார் யாரோவும் இருந்தார்கள். எங்கள் பெயர் இல்லை. அதற்குள் நாங்கள் தவணையில் ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தோம். "அதுல வெச்சுப் பாரு, தெரிஞ்சாலும் தெரியும்" என்றார் அப்பா. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அடுப்படிக்குள் போய் வெகு நேரம் வெளியே வரவில்லை.

சார்ஜாப் பேனாவைப் பாயிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஐஸ்கிரீம் பெட்டி மேல் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறார். இப்போது நான் எல்லாவற்றையும் நகைக்கடைப் பேனாவில்தான் எழுதுகிறேன். மூடி இல்லை. விரலெல்லாம் மை. எழுதுகிறது.

போன மாதம் எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தாங்களே கைப்பட எழுதிய ஒரு முழுத்தாள். படிப்பு, வேலை, சொந்த வீடு, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. அழகான கையெழுத்து. நான் எழுத்தை மட்டும் ரசித்துக்கொண்டிருந்தபோது, அம்மா என் கையிலிருந்து அதை வாங்கி, கவருக்குள் போட்டு, ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் தட்டின் மேல் வைத்து மூடினாள். குழம்பு கொதித்து இறங்கும் வரை காத்திருந்து எடுத்தாள். பனியைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்தாள்.

"ஒண்ணும் வரல" என்றாள். "நல்லவங்களா இருக்கலாம். இல்லாட்டி, வேற பேனாவுல எழுதறவங்களா இருக்கலாம்."